வைன்காரத் தவராசா

தவராசா அண்ணை இறந்த செய்தி எனக்கு டீட்டிகோனில், பொதிகள் பிரிக்கும் வேலைத்தலத்தில், காலைத் தேநீர் இடைவேளையில் வந்தது. எங்கள் தமிழர் ஒன்றியத்தின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் அறிவித்தல் போட்டிருந்தார். மேலே ஒரு குத்துவிளக்கு, அதன் கீழே அண்ணையின் கடவுச்சீட்டுப் படம், அதற்கும் கீழே ‘சமூகத் தொண்டர், ஓய்வுபெற்ற விவசாயத்துறை அலுவலர்’ என்று ஒரு வரி. தேநீரைக் கீழே வைத்துவிட்டு அந்த வரியை மூன்று தரம் வாசித்தேன். அலுவலராம்! மனுசன் இருபத்தாறு வருடம் சூரிச் ஏரிக்கரைச் சரிவில் வைன் தோட்டத்தில் கொடி வெட்டியவர், நிலவறையில் வைன் செய்தவர். ஓய்வு பெறவுமில்லை, முந்தாநாள்கூட வேலைக்குப் போனவர். விடியற்காலையில் நெஞ்சு வலித்து ஆள் போய் ஐந்து மணித்தியாலம் ஆகவில்லை, அதற்குள் மேசை கதிரை கொடுத்து அவரை அலுவலராக்கி இருத்திவிட்டார்கள்.

பிறகு தொடங்கியது, ஒன்றியத்து ஆட்களே, உங்கள் மலரஞ்சலி. கைகூப்பும் படங்கள், மெழுகுதிரிகள், ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’. அறுபதுக்கு மேற்பட்டவர்கள் போட்டிருந்தீர்கள். அதில் ஒருவர், கலியாண வீட்டுப் பந்தியில் அண்ணை பக்கத்தில் வந்து இருந்ததும் இலையை விட்டுவிட்டு எழும்பிப் போனவர். இன்னொருவர் தன் மகளின் சாமத்தியவீட்டுக்கு, அந்தப் பூப்புனித நீராட்டு விழாவுக்கு, பாசல் முதல் ஜெனீவா வரை ஆள் கூப்பிட்டுவிட்டு, அண்ணைக்கு மட்டும் மண்டபம் சின்னன் என்று சொன்னவர். உங்களுக்குள்ளே நீங்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘வைன்காரத் தவராசா’. அன்றைக்கு அதை ஒருவரும் எழுதவில்லை. அதனால் நான் தலைப்பிலேயே எழுதியிருக்கிறேன்.

செத்தவீடு முடிந்து மூன்றாம் நாள் அவருடைய மனைவி மலர் அக்கா என்னைக் கூப்பிட்டார். முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் நினைவுப் புத்தகத்தில், எங்கள் ஆட்கள் கல்வெட்டு என்று சொல்வதில், அவரைப் பற்றி நான் எழுதவேண்டும் என்றார். நானும் அண்ணையோடு பதினொரு வருடம் அதே தோட்டத்தில் வேலை செய்தவன். “வேற ஒண்டும் வேண்டாம் குகன். அவர் என்ன வேலை செய்தவர் எண்டு ஒரு வரி சரியாப் போடும். அவை போட்டிருக்கிறது பொய்” என்றார். அவர் கேட்டது அந்த ஒரு வரிதான். அதை நான் எப்படி எழுதினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியவேண்டும், இத்தனை வருடம் தெரியாததுபோல் இருந்தவர்களுக்கு.

சூரிச் ஏரியின் வலக்கரையில் பின்னேர வெயில் நெடுநேரம் நிற்கும். காசுக்காரர் வீடு கட்டியிருப்பதால் அதற்குத் தங்கக்கரை என்று பெயர். எதிர்க்கரையில் மலைநிழல் வேளைக்கே விழுந்துவிடும். அங்கே இருப்பவர்களுக்கு எந்நாளும் மூக்கு ஒழுகுமென்று அதைத் தடிமன் கரை என்பார்கள். அண்ணை தடிமன் கரைப் பக்கம் ஒரு மாடி வீட்டில் இருந்துகொண்டு தங்கக்கரைக்கு வேலைக்குப் போனவர். அகதி அனுமதியோடு இருந்த காலத்தில் வேறு வேலை கிடைக்காமல், குளிரில் கொடி வெட்ட ஆள் தேவை என்று அனுப்பப்பட்டவர் அங்கேயே நின்றுவிட்டார். முதலாளி ருவேடி அவரை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியாமல் ‘ராசா’ என்று கூப்பிடுவார். பொருள் தெரியாமல்தான். “பொருளைச் சொல்லிப்போடாதையும், பிறகு கூப்பிடமாட்டான்” என்று அண்ணை என்னிடம் சொன்னார்.

அங்கே விளைவது ரொய்ஷ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை. அதில் செய்யும் வைனுக்கும் அதுதான் பெயர். இனிப்பே இல்லாத, வெளிறிய, பல்லைக் கூசவைக்கும் வைன். ஒருகாலம் ஜெர்மன் பேசும் பகுதியெங்கும் இருந்த கொடியாம். பிறகு சுகமாக விளையும் இனங்கள் வந்து அதைத் தள்ளிவிட, இப்போது பெரும்பாலும் இந்த ஏரியைச் சுற்றியும், டீட்டிகோன் பக்கத்து லிம்மாட் பள்ளத்தாக்கில் கொஞ்சமும் மிஞ்சியிருக்கிறது. லோசானில் இருக்கும் என் மைத்துனன் அந்தப் பக்கத்து வெள்ளை வைன் போத்தலைக் கொண்டுவந்து மேசையில் குத்திவிட்டு, சூரிச்சில் வைன் செய்கிறார்களா என்று கேட்பான். அவனுக்கு இந்தப் பெயரே தெரியாது. சுவிஸ்காரரிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. காற்றில் இலை சலசலப்பதால் வந்த ஜெர்மன் பெயர் என்று ருவேடி வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்லுவார். “எந்தக் கொடியின்ர இலைதான் காத்துக்குச் சலசலக்காது?” என்பது அண்ணையின் கேள்வி.

அண்ணையோடு வேலை செய்வது சுகமான காரியம் என்று நினைக்காதீர்கள். செத்தவரைத் தங்கமான மனுசன் என்று எழுதுவது வழக்கம். அவர் தங்கமானவர் இல்லை. முதல் வருடத் தை மாதம், கைவிரல் விறைக்கும் குளிரில், நான் ஒரு முழு வரிசையை வெட்டி முடித்துவிட்டு நிமிர்ந்து நின்றேன். அவர் பின்னால் நடந்து வந்து ஒவ்வொரு கொடியாய்க் குனிந்து பார்த்தார். “தம்பி, இது கத்தரிக்கோலால வெட்டினதோ, பல்லால கடிச்சதோ?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று மத்தியானம் அவரோடு சாப்பிடவில்லை. அவரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. அடுத்த நாள் பக்கத்து வரிசையில் நின்று, எந்தக் கணுவை விடுவது, எதை எடுப்பது என்று எனக்குத் தெரிகிற மாதிரி மெதுவாக வெட்டினார்.

ரொய்ஷ்லிங் ஒரு பிடிவாதம் பிடித்த கொடி. பூக்கும் நேரம் குளிர்ந்தால் பூ கொட்டிவிடும். பழத்தின் தோல் மெல்லிசு. அறுவடைக்கு முன் இரண்டு நாள் மழை பெய்தால் குலை குலையாக வெடித்து அழுகும். ஒரு வருடம் புரட்டாதியில் ருவேடி, இன்னும் ஒரு கிழமை நின்றால் சர்க்கரை ஏறும் என்று யாரோ படித்த ஆள் சொன்னதைக் கேட்டுக் காத்திருந்தார். அண்ணை விடியப்போய் வரிசை வரிசையாகப் பழத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டு நடந்தார். வந்து, இன்றைக்கே பிடுங்கவேண்டும் என்றார். ருவேடி கையில் வைத்திருந்த அளவுக் கருவியைக் காட்டி, இது அப்படிச் சொல்லவில்லையே என்று சிரித்தார். மூன்றாம் நாள் மழை வந்தது. கீழ்ச்சரிவில் பாதிக்கு மேல் வெடித்து, குளவி மொய்த்து, மணத்துக்குக் கிட்டப் போகமுடியவில்லை. நாங்கள் எல்லோரும் அழுகலை வெட்டிக் கீழே போட்டுக்கொண்டிருந்தபோது ருவேடி வந்து நின்று ஏதோ சொல்லத் தொடங்கினார். அண்ணை அவருக்கும் ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்து, இந்த வரிசையை நீங்கள் பாருங்கள் என்று ஜெர்மனில் சொன்னார். அடுத்த வருடத்திலிருந்து அறுவடை நாளை அண்ணைதான் சொன்னார். அறுவடைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் வூமெட் என்பார்கள். ‘ராசா சொல்லட்டும், வூமெட் தொடங்கலாம்’ என்று ருவேடி அயலவர்களிடம் சொல்வதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். இந்தக் கதை உங்களில் யாருக்காவது தெரியுமா?

சுவைபார்க்க வருகிற துரைமாரையும் சொல்லவேண்டும். இளவேனிலில் ஒருநாள் நிலவறையைத் திறந்து விடுவார்கள். கழுத்தில் துணி சுற்றிய கனவான் ஒருவர், அண்ணை ஊற்றிக் கொடுத்த கிளாசை மூக்குக்குள் விட்டு, நனைந்த கல் மணக்கிறது, பச்சை அப்பிள் மணக்கிறது, புல் வெட்டிய மணம் பின்னால் வருகிறது என்று பத்து நிமிடம் அண்ணைக்கு வகுப்பு எடுத்தார். கறுத்த மனுசனுக்கு விளங்கவேண்டுமே என்று ஒவ்வொரு சொல்லாய் மெதுவாகச் சொன்னார். அந்த வைனைச் செய்தது எதிரே நிற்கிறவர் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. கடைசியில் மலசலகூடம் எங்கே என்று கேட்டார். அண்ணை காட்டிவிட்டார். பிறகு என்னிடம் திரும்பி, “இவர் சொன்ன சாமான் ஒண்டையும் நான் அதுக்குள்ள போடேல்லை” என்றார். அப்படியானால் உண்மையில் என்ன சுவை என்று கேட்டேன். “தேசிக்காய்த் தண்ணிக்குச் சீனி போட மறந்தால் எப்பிடி இருக்கும்? அதுதான். ஆனால் மறக்கேல்லை, வேணுமெண்டுதான் போடேல்லை” என்றார். ரொய்ஷ்லிங்கைப் பற்றி நான் கேட்ட பேச்சுகளில் பொய் இல்லாதது அது ஒன்றுதான்.

இனி உங்களுக்கு வருகிறேன். அண்ணை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரே ஒரு கிளாஸ் குடிப்பார். மலர் அக்கா ஏரி மீனில் தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைப்பார். சொதிக்குப் புளிப்பாகத் தேசிக்காய் விடுகிறோம்தானே, அந்த வேலையைத்தான் இது செய்கிறது என்று சொல்லி, பிள்ளைகளுக்கு முன்னாலேயே போத்தலை மேசையில் வைத்துக் குடிப்பார். மற்ற நாட்களில் வேலையில் சுவைபார்த்துத் துப்புவதோடு சரி. ஒரு ஞாயிறு திருவிழாத் துண்டுப்பிரசுரம் கொடுக்கவென்று நம் செயலாளர் அந்த வீட்டுக்குப் போனார். மேசையில் போத்தலைக் கண்டார். தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, நல்லாயிருக்கிறது என்றும் சொல்லிவிட்டு, வெளியே வந்தார். பின்னேரத்துக்குள் ‘தவராசா வீட்டில் பட்டப்பகலில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு குடிவெறி’ என்று சூரிச் முழுக்கத் தெரிந்துவிட்டது.

இதே செயலாளரை அடுத்த மாதம் ஒரு கலியாண வீட்டில் வாகனம் நிறுத்தும் இடத்தில் கண்டேன். தன் காரின் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, காகிதக் கோப்பையில் விஸ்கி ஊற்றி, மாப்பிள்ளை வீட்டாருக்குப் பரிமாறிக்கொண்டிருந்தார். சுற்றிவர எட்டுப் பத்து டிக்கிகள் அப்படியே திறந்திருந்தன. எல்லாரும் நெற்றியில் சந்தனப் பொட்டோடு நின்றார்கள். அண்ணை அந்த வழியால் வந்தபோது ஒருவர் அவரையும் கூப்பிட்டு நக்கலாக ஒரு கோப்பை நீட்டினார். அண்ணை கும்பிட்டு வேண்டாம் என்றுவிட்டு மண்டபத்துக்குள் போனார். உள்ளே என்னிடம் சொன்னார்: “டிக்கிக்குள்ள இருந்தால் அது மரியாதை. மேசையில இருந்தால் வெறி. எனக்கு இந்தச் சட்டம் விளங்குதில்லை.” எனக்கு நன்றாக விளங்கியது. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நானும் ஒரு டிக்கிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வந்திருந்தேன்.

ஆம், நான். இவ்வளவு நேரம் உங்களைத் திட்டிக்கொண்டிருப்பவன் யார் என்றும் நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். பதினொரு வருடம் வைன் தோட்டத்தில் வேலை செய்தவன், ஒருவரிடமும் அப்படிச் சொன்னதில்லை. பூந்தோட்ட நிறுவனம் ஒன்றில் வேலை என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மகளுக்குக் கலியாணப் பேச்சு வந்தபோதும் அதையே சொன்னேன். இங்கேயே பிறந்து வளர்ந்த அவள், வைன் தோட்டம் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டாள். வாயை மூடு என்றேன். மாப்பிள்ளையின் தாய் தகப்பன் சைவமான, கோயில் குளம் என்று இருக்கிற ஆட்கள். ‘வைன்காரன் வீட்டுப் பெட்டை’ என்ற பேச்சு வந்தால் காரியம் கெட்டுவிடும் என்று பயந்தேன். அவள் விரும்பிய இடம் அது.

ஐப்பசி மாதத்தில் ஒரு வெள்ளி, அட்லிஸ்வில் முருகன் கோயிலில் இரண்டு குடும்பமும் சந்திப்பதாக ஏற்பாடு. பூசை முடிந்து வெளியே செருப்புப் போடும் இடத்தில் நின்று கதைத்துக்கொண்டிருந்தோம். என் வேலையைப் பற்றிச் சம்பந்தி கேட்க, ரோசாக் கன்று, புல்வெளி என்று நான் அளந்துகொண்டிருந்தேன். வூமெட் முடியாத நாட்கள். அண்ணை குளித்து வேட்டி கட்டி வந்திருந்தார், ஆனால் திராட்சைச் சாறு ஊறிக் கறுத்த நகக்கண்கள் அப்படியே இருந்தன. என்னைக் கண்டதும் நேரே வந்தார். “குகன், நாளைக்குப் பின்னேரம் மழையாம். வெள்ளென ஆறு மணிக்கு வாரும், கீழ்ச்சரிவை முடிச்சுப்போடுவம்” என்றார். சம்பந்தி அவரையும் பார்த்தார், அந்தக் கையையும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, ஆர் இவர் என்று கேட்டார்.

“தெரியாது. ஆள்மாறிக் கதைக்கிறார்” என்றேன்.

அண்ணையின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் என்னைப் பன்மையில் விளித்தார், முதலும் கடைசியுமாக. “ஓம், நான்தான் பிழையா நினைச்சிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.” சம்பந்திக்கும் தலையசைத்துவிட்டுத் தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் தோட்டத்துக்குப் போனபோது, வழக்கம்போல ஒரு வாளியும் கத்தரிக்கோலும் தந்து, கீழ்ச்சரிவில் மூன்றாம் வரிசை என்றார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவரோடு வேலை செய்தேன். இடுப்பு நோ வந்து டீட்டிகோனுக்கு மாறிய பிறகும் நல்லது கெட்டதுக்குக் கண்டுகொண்டோம். அந்த நாளைப் பற்றி அவர் ஒரு சொல் கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை. அவர் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

இப்போது அந்த ஒரு வரிக்கு வருகிறேன். மலர் அக்கா கேட்டபடி எழுத உட்கார்ந்தேன். ‘வைன் செய்தவர்’ என்று எழுதினேன். வெட்டினேன். கல்வெட்டு சம்பந்தி வீட்டுக்கும் போகும். அண்ணையோடு வேலை செய்தவன் எழுதியது என்று என் பெயரும் அதில் வரும். மகள் கலியாணம் முடித்து ஒரு பேரப்பிள்ளையும் ஆகிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் எனக்குப் பயம். மூன்று நாள் எழுதி எழுதி வெட்டி, கடைசியில் ஒரு சொல்லைக் கண்டுபிடித்தேன். யாழ்ப்பாணத்தில் திராட்சையை முந்திரிகை என்போம். ‘முந்திரிகைத் தோட்டத்தில் இருபத்தாறு வருடம் உழைத்தவர்’ என்று எழுதினேன். பொய்யும் இல்லை, வைனும் இல்லை. என்ன கெட்டித்தனம் என்று எனக்கே என்னை மெச்சத் தோன்றியது. செயலாளர் வாசித்துவிட்டுத் தொலைபேசி எடுத்து, அருமையான சொல், நல்ல தமிழ் என்று பாராட்டினார். அந்த மனுசன் பாராட்டியபோதாவது எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும்.

கல்வெட்டு சென்னையில் அச்சாகி வந்தது. முப்பத்தோராம் நாள் காலை மண்டபத்தில் பெட்டியை உடைத்தார்கள். அட்டையில் அண்ணையின் படம். அவரைச் சுற்றி மஞ்சளும் சிவப்புமாகப் பழங்கள், ஒவ்வொரு பழத்தின் அடியிலும் வளைந்த ஒரு கொட்டை. கஜு. தமிழ்நாட்டில் முந்திரி என்றால் அதுதான். அங்கே அட்டை செய்த பிள்ளை பாவம், தனக்குத் தெரிந்ததைப் போட்டிருக்கிறது. என் வரியிலும் எழுத்துப் பிழை என்று நினைத்து ஒரு எழுத்தை எடுத்துத் திருத்தியிருந்தது: ‘முந்திரித் தோட்டத்தில் இருபத்தாறு வருடம் உழைத்தவர்’. உள்ளே ஒவ்வொரு பக்க மூலையிலும் ஒவ்வொரு கொட்டை. தேவாரத்துக்குப் பக்கத்திலும் ஒன்று.

நீங்கள் எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தீர்கள். சுவிஸில் கஜு வளருமோ என்று ஒருவர் கேட்டார். கண்ணாடிக் கூடாரத்துக்குள்ளே சூடு போட்டு வளர்ப்பார்கள், நான் கண்டிருக்கிறேன் என்று இன்னொருவர் விளக்கினார். செயலாளர் அட்டையைத் தடவி, கலர் நல்லாய் வந்திருக்கிறது என்றார். பிழை என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. பிழை என்றால் சரி எது என்று சொல்லவேண்டி வரும். சூரிச்சில் அலுவலராயிருந்த மனுசன் இப்போது கஜுத் தோட்டக்காரராகிவிட்டார், உங்களுக்கு அதிலும் ஒரு குறையில்லை.

மலர் அக்கா புத்தகத்தை எடுத்துக்கொண்டு நான் இருந்த கதிரைக்கு வந்தார். இது என்ன என்று கேட்டார். அச்சகத்தில் பிழை விட்டுவிட்டார்கள் என்றேன். அச்சகத்தை விடும், நீர் என்ன எழுதிக் கொடுத்தீர் என்று கேட்டார். சொன்னேன். அவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

“அண்டைக்குக் கோயிலில நடந்ததை அவர் எனக்குச் சொன்னவர், குகன். அவர் கோவிக்கேல்லை. நான் கோவிச்சனான். இண்டைக்கும் கோவிக்கிறன்.”

அவ்வளவுதான். எழும்பிப் போய் முன்வரிசையில் இருந்துவிட்டார்.

என்னை நினைவுரைக்குக் கூப்பிட்டார்கள். எழுதி வைத்திருந்த தாளை நான் எடுக்கவில்லை. அட்டையை உயர்த்திக் காட்டி, இந்தப் பழத்தைத் தவராசா அண்ணை ஒருநாளும் பயிரிட்டதில்லை என்றேன். அவர் செய்தது வைன், அதன் பெயர் ரொய்ஷ்லிங், இருபத்தாறு வருடம் அதைச் செய்தார், அந்தக் கரையில் அவரைக் கேட்காமல் ஒரு குலை வெட்டமாட்டார்கள் என்றேன். பதினொரு வருடம் நானும் அதே வேலை செய்தேன், அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் இந்தச் சொல்லை எழுதினேன், இந்தக் கொட்டை என்னால் வந்தது என்றும் சொன்னேன். இன்னும் சொல்ல இருந்தது. செயலாளர் எழும்பி, நேரம் போய்விட்டது, சாப்பாடு ஆறுகிறது என்று ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். கதிரைகள் இழுபடும் சத்தத்தில் நான் இறங்கி வந்தேன். மலர் அக்கா என்னைப் பார்க்கவில்லை.

என் பக்கத்தில் ஒருவரும் இருக்க வரவில்லை. கொஞ்ச நேரத்தில் சம்பந்தி சாப்பாட்டுத் தட்டோடு வந்து இருந்தார். நான் அவரிடம் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“எங்களுக்கு அது முதலே தெரியும்” என்றார். கோயிலில் சந்தித்து இரண்டு மூன்று நாளில், ஆள் எப்படி என்று விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார், சம்பந்தம் பேசும் எவரும் செய்வதுபோல. விசாரித்துப் போன இடத்தில் யாரோ அவரைத் தவராசா அண்ணை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கதவைத் திறந்தவர் கோயிலில் கண்ட அதே மனுசன். “நான் திகைச்சுப்போய் நிண்டன். உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போய் இருத்தினவர். ‘குகன் என்னோடதான் வேலை. சொல்ல வெக்கப்படுறான், நீங்களும் கேக்காதேங்கோ. வேலைக்கு ஒருநாள் பிந்தினதில்லை. பெட்டையைத் தயங்காமல் எடுங்கோ’ எண்டவர். அந்த ஆளின்ர சொல்லை நம்பித்தான் நாங்கள் ஓமெண்டது.”

சம்பந்தி சாப்பிடத் தொடங்கினார். என்னால் முடியவில்லை.

தவராசா அண்ணையிடமிருந்து என்னிடம் என்ன இருக்கிறது என்று சொல்லி இதை முடிக்கவேண்டும். ஒரு பொருளும் இல்லை. நான் கேட்டிருக்கவேண்டிய மன்னிப்பைக் கோயில் வாசலில், பிறர் முன்னால், என்னிடம் அவர் கேட்டார். அதை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அது என்னிடம்தான் இருக்கிறது.